வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்.: பட்டம் வாங்கிய பிள்ளைக்கு இன்னும் ஒரு தேர்வு இருக்கிறது

ஜும்ஆ முடிந்து கைகொடுக்க வருபவர்களின் வரிசையில் ஒருவர் கடைசிவரை காத்திருந்தார். எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து, "ஹஜ்ரத், மகளுக்கு மறுபடியும் பரீட்சை வருது. துஆ செய்யுங்க. வெளியில யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். மகள் கிர்கிஸ்தானில் மருத்துவம் முடித்துத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. ஊரில் கேட்பவர்களுக்கு "மேல்படிப்புக்குப் படிக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

துஆ செய்தோம். ஆனால் "வெளியில் தெரிய வேண்டாம்" என்ற அந்த வார்த்தை மனதை விட்டு அகலவில்லை. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று பிள்ளைகளை அனுப்பிய எத்தனையோ குடும்பங்கள் இதே நிலையில் இருக்கின்றன. இவர்களுக்காகவும், இனி அனுப்பப் போகிறவர்களுக்காகவும் சில விஷயங்களைத் திறந்து பேச வேண்டியிருக்கிறது.

என்ன தேர்வு இது?

வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய, எப்.எம்.ஜி.இ. எனப்படும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. மருத்துவ அறிவியல் தேசியத் தேர்வு வாரியம் ஜூன், டிசம்பர் பருவங்களாக ஆண்டுக்கு இரண்டு முறை இதை நடத்துகிறது. 2024 டிசம்பர் தேர்வில் நூற்றுக்குச் சுமார் 29 பேர் தேறினார்கள். 2025 ஜூன் தேர்வை ஏறத்தாழ 36 ஆயிரம் பேர் எழுதியதில் தேறியவர்கள் சுமார் 6,700 பேர். அதாவது நூற்றுக்கு 18 அல்லது 19 பேர்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் பெற்றோர் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "வேண்டுமென்றே கழித்துக் கட்டுகிறார்கள்" என்பது ஒன்று. "நம் பிள்ளைக்கு இது நஸீபில் இல்லை" என்பது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்தப் பேச்சு மாறும்.

இது நீட் மாதிரியான போட்டி அல்ல

நீட் தேர்வில் இடங்கள் குறைவு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். எப்.எம்.ஜி.இ. அப்படிப்பட்டதல்ல. மொத்தம் 300 கேள்விகள், 300 மதிப்பெண்கள். 150 எடுத்தவர் தேறியவர். ஆயிரம் பேர் 150 எடுத்தால் ஆயிரம் பேரும் தேறுவார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. ஒரே நாளில் இரண்டு பகுதிகளாகக் கணினியில் எழுத வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் 150 கேள்விகளுக்கு 150 நிமிடம்.

ஆக, பிள்ளை யாரையும் முந்த வேண்டியதில்லை. 150 என்ற கோட்டைத் தாண்டினால் போதும். 135 எடுத்து நின்ற பிள்ளையை "தோற்றுவிட்டாள்" என்று சொல்வதைவிட, "இன்னும் பதினைந்து கேள்விகள் எங்கே கிடைக்கும்" என்று கேட்பதே சரி.

அந்தக் கேள்விக்கு விடை பாடவாரியான மதிப்பெண் பங்கீட்டில் இருக்கிறது. பொது மருத்துவத்துக்கு 33, அறுவை சிகிச்சைக்கு 32, மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்துக்கு 30, சமூக மருத்துவத்துக்கு 30. இந்த நான்கிலேயே 125 வந்துவிடுகிறது. நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றுக்குத் தலா 13. குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை ஆகியவற்றுக்குத் தலா 15. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுக்குத் தலா 17. சட்டம் சார்ந்த மருத்துவத்துக்கு 10. மனநலம், தோல், எலும்பு, மயக்கவியல் போன்ற ஆறு சிறு பிரிவுகளுக்குத் தலா 5.

முதல் வருடப் பாடமான உடற்கூறியலிலேயே மூன்று மாதத்தைச் செலவழித்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் சமூக மருத்துவத்தைப் புரட்டும் பிள்ளைகள் நிறைய. இந்தப் பங்கீட்டை மேசையில் ஒட்டி வைத்துக்கொண்டு நாட்களைப் பிரித்தாலே பாதி வழி தெளிவாகும்.

நன்றாகப் படித்த பிள்ளையும் ஏன் தடுமாறுகிறது?

முதல் காரணம், அந்த நாட்டுப் பாடத்துக்கும் இங்குள்ள கேள்விக்கும் உள்ள இடைவெளி. சமூக மருத்துவத்தில் நம் நாட்டின் தடுப்பூசி அட்டவணையும் காசநோய்த் திட்டமும் தாய் சேய் நலத் திட்டங்களும் வரும். சட்டம் சார்ந்த மருத்துவத்தில் இந்தியச் சட்டம் வரும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிஷ்கேக்கிலோ மணிலாவிலோ இதை யாரும் கற்றுத் தர மாட்டார்கள். இந்த இரு பாடங்களுக்கும் சேர்த்து 40 மதிப்பெண். இதைப் பிள்ளை தனியாகத்தான் படித்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் மருத்துவமனையில் நோயாளி பேசுவது ரஷ்ய மொழியோ உள்ளூர் மொழியோதான். நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்டுப் பழகாத பிள்ளைக்கு, ஒரு நோயாளியின் வயதும் அறிகுறியும் சொல்லி "அடுத்து என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் கை நடுங்கும். மனப்பாடம் அங்கே உதவாது. கேள்விகளைத் தினமும் பயிற்சி செய்து, தவறான விடை ஏன் தவறு என்று எழுதி வைப்பதே இதற்கு மருந்து. மூன்றாம் வருடத்திலிருந்தே, படித்த பாடத்தின் கேள்விகளை அந்தந்த வாரமே செய்து பழகுகிற பிள்ளைக்குத் திரும்பி வந்த பிறகு பாரம் பெரிதும் குறையும்.

மூன்றாவது காரணத்தை நாம் நம் வீட்டுக்குள்தான் தேட வேண்டும். ஊர் திரும்பிய மகனைக் கடையில் உட்கார வைக்கிறோம். மகளுக்குச் சமையலையும் விருந்தாளிகளையும் கொடுத்துவிட்டு, "மிச்ச நேரத்தில் படி" என்கிறோம். ஆறேழு மாதம் முழுநேரமாக உட்கார வேண்டிய படிப்பை மிச்ச நேரத்தில் முடிக்க முடியாது. இதற்கிடையில் "டாக்டர் மாப்பிள்ளை", "டாக்டர் பெண்" என்று சம்பந்தம் பேசி, பதிவு ஆகாததை மறைத்து நிக்காஹ் முடிப்பவர்களும் உண்டு. மறைத்த விஷயம் பிறகு தெரிய வரும்போது உடைவது பிள்ளையின் வாழ்க்கை.

குறுக்கு வழி வேண்டாம்

மறைப்பு நீளும்போது அடுத்த ஆபத்து வருகிறது. தேறாமலே யாரோ ஒரு மருத்துவரின் பெயரில் கிளினிக்கில் உட்காருவது, பணம் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும் என்பவனை நம்புவது. 2022 டிசம்பரில், இந்தத் தேர்வில் தேறாமலே மாநில மருத்துவக் கவுன்சில்களில் பதிவு பெற்றதாக 73 வெளிநாட்டுப் பட்டதாரிகள் மீது சிபிஐ வழக்குப் பதிந்து, நாடு முழுவதும் 91 இடங்களில் சோதனை நடத்தியது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதனால் விளையும் பாதிப்புக்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஃபிக்ஹு நூல்கள் இதை வைத்து நஷ்டஈடு பற்றி விரிவாகப் பேசுகின்றன. நோயாளியின் உயிர் அமானிதம். அதைக் கையில் வாங்குவதற்கு முன் நம் அறிவைச் சோதித்துக்கொள்வதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

2021 நவம்பர் 18 முதல் தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய விதிமுறை நடப்பில் இருக்கிறது. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமகனைப் போல, மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி கிடைக்க வேண்டும். படிப்பும் பயிற்சியும் சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடிய வேண்டும். நீட் தேர்ச்சியும் கட்டாயம். இங்கே திரும்பித் தகுதித் தேர்வில் தேறிய பிறகு, இன்னும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை தேர்வு வாசலுக்கே போக முடியாமல் ஆகலாம். ஏஜெண்ட் கொடுக்கும் வண்ணத் தாளை நம்பாமல், ஒவ்வொன்றையும் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்ட் சொல்லும் ஆறு வருடச் செலவோடு, திரும்பிய பின் படிக்க ஒரு வருடம், பயிற்சிக்கு ஒரு வருடம் என்று எட்டு வருடக் கணக்காகப் போடுங்கள். நகையையும் நிலத்தையும் ஆறாவது வருடத்தோடு தீர்த்துவிட்டால், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கடன்காரரின் குரல்தான் காதில் கேட்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வுக்கும் இடமிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது தேர்வின் வடிவம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஒவ்வொரு மஹல்லாவிலும் இப்படி ஐந்தாறு பிள்ளைகளாவது ஆளுக்கொரு அறையில் தனியாகப் போராடிக்கொண்டிருக்கலாம். மதரஸா கட்டடம் பகலில் காலியாகக் கிடக்கும் ஊர்களில் ஓர் அறையை இவர்களுக்கு ஒதுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு வேறு நேரமோ வேறு அறையோ தரலாம். முன்பே தேறிய நம் ஊர் மருத்துவர் ஒருவர் வாரம் ஒருநாள் வந்து உட்கார்ந்தால் அது பெரிய தைரியம். பைத்துல்மால் நடத்தும் ஊர்களில் பயிற்சிக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் முதலில் விஷயம் வெளியில் வர வேண்டும்.

அந்தத் தகப்பனாரிடம் அடுத்த வாரம் பேசினோம். "மகளுக்கு எத்தனை மார்க் வந்தது?" என்று கேட்டோம். தெரியவில்லை. தேறவில்லை என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு இரவில் ஃபோன் செய்தார். "142 ஹஜ்ரத். எட்டு மார்க்குதான். இவ்வளவு நாள் நான் கேட்கவே இல்லை."

இப்போது அந்த வீட்டில் காலை பத்து மணி வரை மகளை யாரும் அடுக்களைக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டோம். துஆவும் தொடர்கிறது. அல்லாஹ் அந்தப் பிள்ளையின் முயற்சியில் பரக்கத் செய்வானாக.