கொம்பு கோணலா? காலைப் பாருங்கள்!

இளையரசனேந்தலில் இருக்கும் எங்கள் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். உளுந்துக் காட்டின் ஓரம் ஒரு ஆண் புள்ளிமான். வலது கொம்பு மூன்று கிளையோடு அம்சமாக நிற்கிறது. இடது கொம்போ குட்டையாக, கோணலாக இருக்கிறது. ‘பிறவிக் குறை போல. இனி இப்படியேதான் இருக்குமாப்பா?’ என்று கேட்டிருந்தார்.

எங்கே அடிபட்டது என்பதைப் பொறுத்தது மாமா!

நம் ஊர்ப் பக்கம் எல்லாவற்றையும் கொம்பு என்றுதான் சொல்கிறோம். ஆனால், வல்லநாடு சரணாலயத்தில் இருக்கும் வெளிமானின் கொம்பு ஆயுசுக்கும் ஒன்றுதான். உடைந்தால் உடைந்ததுதான். புள்ளிமான் கதை வேறு. அதன் கொம்பு முழுக்க எலும்பு. உதிர்ந்து உதிர்ந்து புதிதாக முளைக்கும். வளரும்போது வெல்வெட் மாதிரி ஒரு தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்த ஓட்டமும் உண்டு, வலியும் உண்டு. அந்த நேரத்தில் வேலியில் மோதினாலோ, நாய் துரத்தி விழுந்தாலோ கொம்பு கோணிக்கொள்ளும். அடுத்த முறை முளைப்பது பெரும்பாலும் சரியாகிவிடும். மண்டையோட்டில் கொம்பு முளைக்கும் அடிக்கட்டையே சேதமானால்தான் கோணல் வருடா வருடம் தொடரும்.

இதைவிட ஆச்சர்யம் ஒன்று இருக்கிறது. பின்னங்காலில் பலத்த அடிபட்டால், பல மான்களுக்கு எதிர்ப்பக்கக் கொம்புதான் கோணலாகிறது. வலது காலில் அடி, இடது கொம்பில் கோணல்! முன்னங்கால் காயத்தில் இப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏன் இப்படி என்பதற்கு விஞ்ஞானிகளிடமே முடிவான பதில் இல்லை.

சந்தேகத்தோடு மாமாவின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மான் வலது பின்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

சாப்பாடும் கொம்பில் தெரியும். கொம்பு வளரும் மாதங்களில் தின்னும் தழையில் இருக்கும் கால்சியம் போதாமல், விலா எலும்பிலிருந்தெல்லாம் எடுத்துக் கொம்புக்குக் கொடுக்கிறது மானின் உடம்பு. பஞ்ச காலத்திலும், ஒட்டுண்ணித் தொல்லையிலும் கொம்பு சிறுத்துப்போகும். விரையில் அடிபட்டு ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டால், தோல் உரியாது. கொம்பும் உதிராமல் அப்படியே நிற்கும்.

கோவில்பட்டி போய், நாற்கரச் சாலையில் தெற்கே இறங்கினால் கங்கைகொண்டான். 2013-ல் புள்ளிமானுக்கென்றே அறிவிக்கப்பட்ட சரணாலயம் அங்கே இருக்கிறது. மொத்தம் 288 ஹெக்டேர்தான். பக்கத்திலேயே சிப்காட், நெடுஞ்சாலை, ரயில் பாதை. இந்த வட்டாரத்து மானுக்குக் காலில் அடிபட வழியா இல்லை?

நொண்டும் மானைப் பிடிக்கவோ, துரத்தவோ போகாதீர்கள். மிரண்டு ஓடியே செத்துப்போகும். நாய்களை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பானாலும் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மாமா வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டார். ‘நேத்தும் வந்துச்சு. உளுந்தைத்தான் மேயுது, போகட்டும்’ என்று நேற்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அடுத்த கொம்பு முளைத்ததும் போட்டோ அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.