இனி ஊழியரே வாடிக்கையாளர்

அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நிறுவனத்தின் வழியாகவே கிடைக்கிறது. ஏறத்தாழ 15 கோடிப் பேர் இப்படித்தான் காப்பீடு பெறுகிறார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த ஏற்பாடு அல்ல இது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஊதிய உயர்வுக்கு அரசு கடிவாளம் போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த நிறுவனங்கள், சம்பளத்தைக் கூட்ட முடியாததால் மருத்துவச் செலவை ஏற்பதாகச் சொல்லித் தொழிலாளர்களை ஈர்த்தன. அந்தத் தொகைக்கான வரிவிலக்கை 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் நிரந்தரமாக்கியது. அப்படி வேரூன்றிய முறைக்கு 2020 ஜனவரி 1 முதல் ஒரு மாற்று வழி திறந்திருக்கிறது. நிறுவனம் குழுக் காப்பீடு எடுக்க வேண்டியதில்லை. ஊழியருக்கு மாதந்தோறும் ஒரு தொகையை வரியில்லாமல் கொடுத்தால் போதும். அவர் தமக்கு வேண்டிய தனிநபர் பாலிசியைத் தாமே வாங்கிக்கொள்வார். ‘இக்ரா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டைக் காப்பீட்டு நிறுவனங்கள் இன்னொரு விற்பனை வழியாக மட்டும் பார்க்கின்றன. பழைய தனிநபர் பாலிசியையே புது வாடிக்கையாளரிடம் தள்ளிவிடுவது ஊழியருக்கும் கேடு, நாளடைவில் அந்த நிறுவனங்களுக்கும் கேடு என்பது நம் கருத்து.

நிறுவனங்கள் இந்தப் பக்கம் திரும்புவதற்கான காரணம் எளிது. கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2025ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நிறுவனம் வழியாகப் பெறும் குடும்பப் பாலிசிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 26,993 டாலர் ஆகிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் 9,325 டாலர். நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஓர் ஊழியருக்குப் புற்றுநோயோ சிறுநீரகக் கோளாறோ வந்தால் அடுத்த ஆண்டுப் பிரீமியம் எகிறிவிடும். குறிப்பிட்ட தொகையைக் கொடுத்துவிட்டால் இந்த நிச்சயமின்மை நீங்குகிறது. விதிகளும் ஓரளவு கறாரானவைதான். ஒரே வகை ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு, இக்ரா இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்க முடியாது. வயதுக்கேற்ப உதவித்தொகையைக் கூட்டலாம். ஆனால் இளையவருக்குத் தருவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. 2019இல் இந்த விதிகளை இறுதிசெய்தபோது, பத்தாண்டுக்குள் எட்டு லட்சம் நிறுவனங்கள் வழியாக 1.1 கோடிப் பேர் பயன்பெறுவார்கள் என்று அரசு மதிப்பிட்டது. அந்த எண்ணிக்கை இன்னும் எட்டாத தொலைவில் இருக்கிறது. கையில் கிடைக்கும் பாலிசியின் தரம் அதற்கு முக்கியமான காரணம்.

குழுக் காப்பீட்டில் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஊழியர் அல்லர், அவரது அலுவலகத்தின் மனிதவளத் துறை. க்ளெய்ம் சிக்கிக்கொண்டால் அந்தத் துறை போன் போட்டுக் கேட்கும். முந்நூறு பேரின் கணக்கு கைநழுவிப் போகுமே என்ற பயத்தில் காரியமும் நடக்கும். இக்ராவில் அந்த முந்நூறு பேரும் தனித்தனி ஆட்கள். பணம் கட்டும் இடத்திலேயே தொல்லை தொடங்கிவிடுகிறது. ஜனவரி முதல் தேதி பாலிசி அமலுக்கு வர வேண்டுமென்றால் முதல் பிரீமியம் குறித்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பில் வருவது ஊழியரின் வீட்டுக்கு. பணம் இருப்பது நிறுவனத்திடம். இடையில் கணக்கைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நிர்வாக நிறுவனம். அது கொடுக்கும் கார்டில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் கணினி பணத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம். தனிநபர் பாலிசிக்கு அரசு மானியம் பெறுபவருக்குத் தவணை தவறினால் மூன்று மாத அவகாசம் உண்டு. மானியம் இல்லாத இந்த ஊழியருக்குப் பல மாநிலங்களில் ஒரு மாதம்தான். மருந்துக் கடையில் இன்சுலின் வாங்க நிற்கும்போதுதான் பாலிசி ரத்தானது அவருக்கே தெரியவரும். பணம் கட்டாததால் ரத்தான பாலிசிக்குப் பதிலாக ஆண்டின் நடுவில் வேறொன்றில் சேரும் சலுகையும் கிடையாது. ஒரு கணக்குப் பிழைக்காக ஒரு குடும்பம் ஆண்டு முழுதும் காப்பீடின்றித் தவிப்பதை எந்த வணிக நியாயத்தாலும் ஏற்க முடியாது. முந்நூறு தனிநபர் பாலிசிகளுக்கும் சேர்த்து நிறுவனத்திடமிருந்து ஒரே பணமாகப் பெற்று வரவு வைப்பதும், ரத்து செய்யுமுன் ஊழியர், நிறுவனம் இருவருக்கும் தெரிவிப்பதும் காப்பீட்டு நிறுவனங்களால் முடியாத காரியங்கள் அல்ல. குழுக் காப்பீட்டில் பல்லாண்டுகளாக இப்படித்தான் பணம் வாங்குகிறார்கள்.

பணம் கட்டுவதைவிடப் பெரிய குறை, எந்த மருத்துவரிடம் போக முடியும் என்பதில் இருக்கிறது. தனிநபர் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் வீட்டுக்கு அருகில் உள்ள மருத்துவர்களில் சராசரியாக 40 விழுக்காட்டினர்தான் நெட்வொர்க்கில் கிடைக்கிறார்கள் என்று அதே அறக்கட்டளை 2021ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து கண்டறிந்தது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. 2014இல் தனிநபர் சந்தை மாற்றி அமைக்கப்பட்டபோது, ஒவ்வொரு பகுதியிலும் ‘சில்வர்’ வகைப் பாலிசிகளில் இரண்டாவது குறைந்த விலையுள்ளதன் பிரீமியத்தை வைத்து மானியம் கணக்கிடப்பட்டது. அந்த இடத்தைப் பிடிக்க எல்லோரும் விலையைக் குறைத்தார்கள். விலையைக் குறைக்க நெட்வொர்க்கைச் சுருக்கினார்கள். மானியம் பெறும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். இக்ரா ஊழியருக்கு நிறுவனத்தின் தொகை போதுமான அளவில் இருந்தால் மானியமே கிடையாது. அவருக்காக அந்தப் போட்டியில் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. மானியத்தோடு பாலிசி விற்கும் அரசுச் சந்தைக்கு வெளியே விற்கும் பாலிசியை அவர் வாங்கினால், நிறுவனம் தந்ததுபோக மிச்சப் பிரீமியத்தையும் வரி பிடிக்குமுன் சம்பளத்திலிருந்து கட்ட வழியுண்டு. இவ்வளவு வசதி இருந்தும் அவருக்காகப் பரந்த நெட்வொர்க்குடன் கூடிய பாலிசிகளைப் போதிய அளவில் கொண்டுவராதது காப்பீட்டு நிறுவனங்களின் சோம்பல். பரந்த நெட்வொர்க் என்றால் மருத்துவமனைகள் குழுக் காப்பீட்டுக்குரிய கட்டணத்தைக் கேட்கும், பிரீமியம் கூடும் என்று பதில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நேற்றுவரை அந்தப் பிரீமியத்தைக் கட்டிய நிறுவனம்தான் இன்று ஊழியரிடம் பணத்தைக் கொடுக்கிறது. கூடுதலாகக் கொடுத்து அதே புற்றுநோய் மருத்துவரிடம் தொடரலாமா, குறைத்துக் கொடுத்து வேறிடம் போகலாமா என்ற தேர்வு அவர் முன்னே வைக்கப்பட வேண்டும். நோயாளிகள் மட்டும் பரந்த நெட்வொர்க்கைத் தேடி வருவார்கள் என்ற அச்சத்துக்கும் ஏற்கெனவே விடை இருக்கிறது. அரசுச் சந்தைக்கு உள்ளேயும் வெளியேயும் விற்பவை ஒரே இடர்த் தொகுப்பாகவே கணக்கிடப்படுகின்றன. நோயாளிகளை அதிகமாக ஏற்கும் நிறுவனத்துக்கு மற்ற நிறுவனங்களிடமிருந்து ஈடு பெற்றுத்தரும் முறையும் நடைமுறையில் உள்ளது.

இக்ராவுக்கு எதிரான வாதங்களிலேயே வலுவானதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வயதானவர்களும் நோயாளிகளும் நிறைந்த நிறுவனங்கள் தங்கள் சுமையைத் தனிநபர் சந்தையில் இறக்கிவைத்துவிடும், அங்கே சொந்தக் காசில் பாலிசி வாங்கும் எல்லோருக்கும் விலை ஏறிவிடும் என்பதே அது. நோயாளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து அனுப்புவதை விதிகள் தடுக்கின்றன. முழு நிறுவனமே நோயாளிகள் மிகுந்ததாக இருந்தால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. கூடவே, குழுக் காப்பீட்டையும் தனிநபர் பாலிசியையும் ஒரே காப்பீட்டு நிறுவனம் விற்கும்போது ஒரு சபலம் எழுகிறது. இளைஞர்கள் நிறைந்த நிறுவனத்துக்கு நல்ல விலையில் குழுக் காப்பீடு, மற்றவர்களுக்கு ‘இக்ராவுக்குப் போங்கள்’ என்ற யோசனை. இப்படிப் பிரித்தனுப்பும் முகவர்களுக்குக் கமிஷன் கொடுத்து ஊக்குவித்தால் சந்தை சில ஆண்டுகளில் நிலைகுலையும். தனிநபர் பாலிசிக்கு அரசு தந்துவந்த கூடுதல் மானியங்கள் 2025 இறுதியோடு காலாவதியாகிவிட்டன. ஏட்னா காப்பீட்டு நிறுவனம் 2026 முதல் தனிநபர் சந்தையிலிருந்தே விலகிக்கொண்டது. மானியத்தை நம்பியிராத, மாதாமாதம் பிரீமியம் தவறாமல் வரக்கூடிய உழைக்கும் வயதினர் இந்தச் சந்தைக்கு இப்போது வேண்டும். அவர்களைக் கொண்டுவரக்கூடிய வழி இக்ரா. வருகிறவர்கள் எல்லா வகையினரும் கலந்தவர்களாக இருந்தால்தான் அது உதவும். எனவே இக்ரா வழியாகச் சேர்ந்தவர்களின் வயது, செலவு விவரங்களை மாநிலக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் ஆண்டுதோறும் வெளிப்படையாகத் தாக்கல் செய்யக் காப்பீட்டு நிறுவனங்கள் தாமாகவே முன்வர வேண்டும்.

ஓய்வூதியத்தில் நடந்தது மருத்துவத்திலும் நடக்கும் என்று தொழிலாளர் தரப்பில் சொல்கிறார்கள். உறுதியான ஓய்வூதியத்தின் இடத்தை ‘401(கே)’ கணக்குகள் பிடித்தபோது இடர் முழுதும் ஊழியரின் தலையில் விழுந்தது. இங்கேயும் பிரீமியம் ஏறும், நிறுவனத்தின் தொகை அசையாமல் நிற்கும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. 64 வயதுக்காரரின் பிரீமியம் 21 வயதுக்காரரினதைப்போல் மூன்று மடங்குவரை இருக்கலாம் என்பதால், எல்லோருக்கும் ஒரே தொகை என்று நிறுவனம் முடிவெடுத்தால் முதியவர்தான் அடிபடுவார். தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்திடம் இல்லை. ஆனாலும் விலைப்பட்டியலைக் கொடுக்கும்போதே, இந்தத் தொகைக்கு எந்த வயது ஊழியர் கையிலிருந்து எவ்வளவு போடவேண்டியிருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாமே. இதுவரை எந்தக் காப்பீடும் தராத சிறு கடைகளும் உணவகங்களும் ஏராளம் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே வேலை செய்பவருக்கு இந்தத் தொகை புதிதாகக் கிடைப்பது.

இக்ராவால் கிடைக்கக்கூடிய பெரிய நன்மை, வேலை போனாலும் பாலிசி தங்குவது. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வேலை போனால் அடுத்ததைத் தேட 60 நாள். அதற்குள் குழுக் காப்பீட்டைத் தொடர வேண்டுமென்றால் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சொந்தப் பாலிசி என்றால் அதே மருத்துவர், அதே சிகிச்சை தொடரும், பிரீமியத்தை மட்டும் முழுதாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு. பத்தாண்டு தங்கும் வாடிக்கையாளரின் சர்க்கரை நோயை இன்றே கட்டுப்படுத்தினால் அவரது சிறுநீரகச் சிகிச்சைச் செலவு நாளை அதே நிறுவனத்துக்குத்தான் மிச்சம். ஆனால் லாபம் குறைந்த மாவட்டங்களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு வெளியேறும் வழக்கம் நீடித்தால் இந்தத் தொடர்ச்சி வெறும் பேச்சாகிவிடும். குறைந்தது மூன்றாண்டு அங்கே இருப்போம் என்ற உறுதியைத் தருவதற்கு அவர்கள் தயங்கக் கூடாது. நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் அரசு விதியை மட்டும் நம்பி எப்படி முதலீடு செய்வது என்ற கேள்வியிலும் பொருள் இருக்கிறது. 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய பெரிய வரி மசோதாவில் இக்ராவைச் சட்டமாக்கும் பகுதி இருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஆனாலும் டிரம்ப் அரசு கொண்டுவந்த விதியை அடுத்து வந்த பைடன் அரசும் கைவைக்காமல் விட்டது. அந்த அளவுக்கு இது நிலைபெற்றுவிட்டது.

இந்தியாவில் இதைப் பார்த்து அவசரப்படுவோருக்கு ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, குழுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு தொடர்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கலாமே என்று இங்குள்ள நிறுவனங்களுக்குத் தோன்றக்கூடும். அமெரிக்காவில் எந்த நோய் இருந்தாலும் பாலிசி மறுக்கக் கூடாது என்ற சட்டம் 2014 முதல் அமலில் இருக்கிறது. நம் நாட்டில் தனிநபர் பாலிசிக்கு விண்ணப்பித்தால் மறுக்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுவரை காத்திருக்கச் சொல்லலாம். அந்தப் பாதுகாப்பு வராமல் இந்த முறை இங்கே வரக் கூடாது.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் மறு ஆண்டுக்கான பாலிசிகளையும் பிரீமியத்தையும் மாநிலக் கட்டுப்பாட்டு அமைப்புகளிடம் முன்கூட்டியே தாக்கல் செய்கின்றன. அடுத்த தாக்கலில் பரந்த நெட்வொர்க்குடன் ஒரு பாலிசியாவது இருக்க வேண்டும். நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் பணம் பெறும் ஏற்பாடும் அதோடு சேர வேண்டும். இல்லாத பட்சத்தில் மாநிலக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.