புஜ்ஜி எங்கே மச்சி?

கேன்டீன்ல 'புஜ்ஜி!'னு ஒரு குரல் விட்டுப் பாருங்க, நாலு டேபிள் திரும்பும். 2007-ல சுட்டி டி.வி. வந்த பிறகுதான் டோராவோட 'பூட்ஸ்' குரங்கு நம்ம வீட்டுப் புஜ்ஜி ஆச்சு. 'ஜாக்கிசான்'ல வர்ற 12 மந்திரக் கல்லும் உங்களுக்கு அத்துப்படி. முயலுக்கு வேகம், பாம்புக்கு மாயமா மறையுற சக்தி... (செமஸ்டர் பார்முலா மட்டும் மறந்துடும், அது தனி சோகம்!)

ஷோ மாறட்டும் பாஸ், தப்பில்ல. இன்னிக்கு இருக்கிற வாண்டுகளுக்கு அவங்க கார்ட்டூன் வேணும்ல? ஆனா, ஒரு ஷோவைத் தூக்கினா அதோட தமிழ்க் குரலும் சேர்ந்து போயிடுது. இங்கிலீஷ் ஜாக்கி 95 எபிசோடோட பத்திரமா இருப்பார். தமிழ் பேசின ஜாக்கி? நம்மை அவ்வளவு சிரிக்கவெச்ச டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் பேரையாவது சொல்லுங்க பார்ப்போம்!