உங்கள் நிலத்துக்கு விலை சொல்பவர் யார்?



நெடுஞ்சாலை வருகிறது, ரயில் பாதை வருகிறது என்று நில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு கொடுப்பார்கள்?" என்பதுதான். "அந்த விலையைச் சொன்னவர் யார்? சொல்ல அவருக்குத் தகுதி உண்டா?" என்று கேட்பவர் மிகக் குறைவு. நம்மவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

வீடு, நிலம் பற்றிப் பேசும் எல்லாரையும் நாம் "புரோக்கர்" என்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1981-ஆம் ஆண்டின் 242-ஆவது சட்டம் இவர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது.

கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வீடு காட்ட வருகிறவர் பெரும்பாலும் "நெகோஷியேட்டர்". இரண்டு நாள் பயிற்சி முடித்து, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ் வேலை செய்பவர். அவருக்கு மேலே இருப்பவர் பதிவு பெற்ற சொத்து முகவர். அவர் படிப்பு, ஈராண்டு அனுபவம், தகுதித் தேர்வு ஆகியவற்றைக் கடந்து வந்தவர். இவர்கள் வீட்டை விற்றுத் தரலாம். ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திட முடியாது.

அந்த உரிமை பதிவு பெற்ற மதிப்பீட்டாளருக்கே உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பட்டம், குறைந்தது ஈராண்டு பயிற்சிக் காலம், அதன்பின் வாரியத்தின் தொழில் தகுதித் தேர்வு. இவ்வளவும் தாண்டினால்தான் பதிவு எண் கிடைக்கும். நில அளவையாளர் இவர்களில் சேராதவர். அவருக்கு 1958-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. எல்லைக்கல் எங்கே என்று அவர் சொல்வார். விலை சொல்ல மாட்டார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா?

1960-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி, இழப்பீட்டை முடிவு செய்பவர் நில நிர்வாகி. அவர் பெரும்பாலும் நம்புவது அரசாங்க மதிப்பீட்டாளரின் அறிக்கையை. அந்தத் தொகை குறைவு என்றால் நீங்கள் எதிர்க்கலாம். ஆனால் விசாரணையில் உங்கள் கோரிக்கையை முன்வைத்திருக்க வேண்டும். பணம் வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதியிருக்க வேண்டும். தீர்ப்பு சொன்ன நாளில் நீங்கள் அங்கே இருந்திருந்தால், ஆறு வாரத்துக்குள் 'என்' எழுத்துப் பாரத்தில் மனு கொடுக்க வேண்டும். சும்மா கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினால் கதை முடிந்தது.

வழக்கு உயர் நீதிமன்றம் போனால், நீதிபதியுடன் இரண்டு மதிப்பீட்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் அரசாங்க மதிப்பீட்டு அதிகாரி. 2017-இல் கூட்டரசு நீதிமன்றம், இறுதி முடிவு நீதிபதியுடையது, ஆலோசகர்களுடையது அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிபதி முன்னால் "எங்கள் பக்கத்து வீடு இவ்வளவுக்குப் போனது" என்ற வாய்ப்பேச்சு நிற்காது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கைதான் நிற்கும். கட்டணம் பயமுறுத்துகிறதா? ஒரே திட்டத்தில் நிலம் இழக்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரிடம் போய்ப் பேசுங்கள். தனியாகப் போவதைவிடச் சுமை குறையும்.

இன்னொன்று, பெற்றோர்களே! பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், வக்கீல் என்று இரண்டு கதவுகளைத்தான் தட்டுகிறோம். மதிப்பீட்டாளர் படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைக் கதவு பூமிபுத்ராக்களுக்கு மட்டும் என்பது நம் பழைய வேதனை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஸ்கூடாயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சொத்துத் துறைப் படிப்பு உண்டு. எஸ்.டி.பி.எம். எழுதும் பிள்ளையின் விண்ணப்பத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

காடழித்துத் தோட்டம் போட்ட சமுதாயம் நாம். அந்த மண்ணுக்கு விலை பேசும் மேசையில் நம் பிள்ளைகளும் உட்கார வேண்டாமா? அதுவரை, விலை சொல்ல வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். வாரியத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு பேனாவை எடுங்கள்.