‘ம்’ சொன்னால் கேட்டதாக அர்த்தமில்லை

பாலக்கரைவாசிகளுக்குக் காது கொஞ்சம் உபரி உறுப்பு. விடிவதற்குள் பள்ளிவாசல் பாங்கு, சகாய மாதா கோவில் மணி, பிள்ளையார் கோவில் ஸ்பீக்கர், காந்தி மார்க்கெட்டுக்குப் போகும் லோடு வண்டியின் ஏர் ஹாரன் எல்லாம் ஒரு ரவுண்டு வந்துவிடும். இத்தனையையும் அமுக்கிவிட்டு ஒலிப்பது எங்கள் வீட்டு டி.வி.

ரிமோட் அப்பா கையில். வால்யூம் நாற்பதில் இருக்கும். சீரியல் மாமியார் மருமகளை வைதால் எதிர்வீட்டு மருமகள் விசும்புவாள்.

ஒருநாள் மாடி போர்ஷன் அக்கா படியிறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, ‘ஸாரிக்கா, குறைக்கச் சொல்றேன்’ என்று முந்திக்கொண்டேன்.

‘அதுக்கு வரலை தம்பி. உங்கப்பா ரெண்டு மாசம் முன்னால முப்பதுல வெச்சுக் கேட்டாரு. இப்ப நாற்பது. போனை எப்பவும் வலது காதுலதான் வைக்கிறாரு. இடது காது ஜாஸ்தி போயிருக்கு. ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே?’

மாடியில் உட்கார்ந்தபடியே கீழ்வீட்டுக்காரருக்கு மெடிக்கல் ரிப்போர்ட் எழுதியவரை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா ஆடியாலஜிஸ்ட். பக்கத்து மாவட்டத்தில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. அவருக்குக் கீழே இரண்டு பேர், ஒரு உதவியாளர், வந்து வந்து போகும் பயிற்சி மாணவர்கள். தினமும் ஜங்ஷனில் ரயில் ஏறிப் போய் வருகிறார். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. ‘ஆடியோ’ என்று ஏதோ காதில் விழுந்ததை வைத்து, போன தை மாசம் காதுகுத்துக்கு மைக் செட் வாடகை கேட்டு ஒருத்தர் வந்தார். விசேஷம் என்னவோ காது சம்பந்தப்பட்டதுதான்!

காது வலி, சீழ், ஆபரேஷன் என்றால் இ.என்.டி. டாக்டர். எவ்வளவு கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அளந்து, கருவி பொருத்தி, கேட்கப் பழக்குவது ஆடியாலஜிஸ்ட். நாலு வருஷப் படிப்பு, அதற்கு மேல் எம்.எஸ்ஸி. இதற்கென்றே மைசூரில் 1965-லிருந்து ஒரு மத்திய அரசு நிறுவனம் நடக்கிறது. பி.காம். படித்த எனக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

அப்பாவைக் கிளப்புவது லேசாக இல்லை. துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் முப்பது வருஷம் கிரைண்டிங், சுத்தியல் என்று வாழ்ந்தவர். ‘எனக்குக் காது பாம்புக் காது. நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க’ என்பார். கடைசியில், ‘அக்கா ஆஸ்பத்திரியைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போறேன், துணைக்கு வாங்க’ என்றதும் சட்டை மாட்டிக்கொண்டார்.

காலையில் அக்கா அந்தக் கண்ணாடி அறைக்குள் போனதும் முதல் பேஷண்ட் யார் தெரியுமா? மிஷின்தான். ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஒலியாகப் போட்டுக் கேட்டார். நேற்று கேட்டது போலவே இன்றும் கேட்டால்தான் கடை திறக்கும்.

‘காஷியர் காலையில ஓப்பனிங் பேலன்ஸ் பார்க்கற மாதிரியா அக்கா?’

‘அதேதான். மிஷின் பத்து டெசிபல் தப்பு காட்டினா, அன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் தப்பான காதைக் குடுத்து அனுப்பிடுவோம்.’

முதல் ஆள் ஒரு வாட்டசாட்டமான மனிதர். ‘ரெண்டு காதும் சுத்தமா அவுட்டு மேடம். சர்ட்டிஃபிகேட் வேணும்.’ 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சொலிகளுக்கு 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60-லிருந்து 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். அந்தக் கணக்குக்குள் வர ஆசைப்படுகிறவர்களும் உண்டு.

டெஸ்டில் எந்த ஒலிக்கும் அவர் பட்டனை அமுக்கவேயில்லை. பயிற்சி மாணவன் மும்முரமாகப் பூர்த்தி செய்துகொண்டிருந்தான். அக்கா தலையைக் குனிந்தபடி, ஃபைலுக்குச் சொல்வது போல மெதுவாக, ‘சார், உங்க செல்போன் கீழே விழுந்துடுச்சு’ என்றார்.

மனிதர் சட்டென்று குனிந்தார்.

அக்கா கோபப்படவில்லை. ‘இன்னொரு நாள் வாங்க. காதுலேர்ந்து மூளைக்குச் சிக்னல் போகுதான்னு கம்ப்யூட்டரே சொல்ற டெஸ்ட் இருக்கு. அதுக்குப் பட்டன் எல்லாம் அமுக்க வேண்டாம்’ என்றார். அவர் போன பிறகு மாணவனிடம், ‘ஏமாத்தறவன்னு எழுதிடாதே. நம்பற மாதிரி பதில் கிடைக்கலை, மறுபடி பார்க்கணும்னு எழுது. நிஜமாவே பாதி போனவங்களும் பயத்துல ஜாஸ்தி நடிப்பாங்க’ என்றார்.

அடுத்து வந்தது ஒரு குடும்பம். பதினாலு மாசப் பெண் குழந்தை, அதன் அம்மா, அதிகாரத்தோடு ஒரு பாட்டி. அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். ‘எங்க வூட்டுல எல்லாமே லேட்டாத்தான் பேசும். இவங்கப்பன் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். இவதான் பயந்து சாவுறா’ என்று பாட்டி கேஸை அட்மிஷனிலேயே தள்ளுபடி செய்தார்.

அக்கா வேறொரு அறையில் இருந்தார். இளம் ஆடியாலஜிஸ்ட் ஒருத்தர், குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, பக்கவாட்டில் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை டக்கென்று திரும்பியது. மேஜைமேல் ஒரு சின்னத் தப்பை வைத்துத் தட்டினார். மறுபடி திரும்பியது. பாட்டி, ‘பாத்தியாடி?’ என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே, ‘ரெஸ்பான்ஸ் இருக்கு’ என்று எழுதினார்.

வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா என் தோளைத் தட்டினார்.

‘அந்தப் பாப்பாவுக்குக் கேட்கலைடா.’

‘திரும்புதேப்பா!’

‘அது சத்தத்துக்குத் திரும்பலை. சுவத்துல அந்தப் பொண்ணோட நிழல் ஆடுது பாரு, அதுக்குத் திரும்புது. அது என்னை மாதிரியே ஏமாத்துது.’

சொல்லிவிட்டு அப்பா வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். ‘பாம்புக் காது’ என்று சாதித்த மனிதர், ‘என்னை மாதிரியே’ என்று சொன்னதை இருவருமே கேட்காத மாதிரி இருந்தோம்.

பத்து நிமிஷத்தில் அக்கா வந்தார். ஜூனியர் முடித்த எந்தக் குழந்தை கேஸும் அவர் பார்க்காமல் வெளியே போகாதாம். பேப்பரைப் படித்துவிட்டு, ‘இன்னொரு தடவை விளையாடலாமா?’ என்றார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அம்மாவை அசையாமல் இருக்கச் சொன்னார். ஒரு பொம்மையை முன்னால் காட்டச் சொல்லிவிட்டு, தான் நேர் பின்னால், நிழல் விழாத இடத்தில் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை பொம்மையையே பார்த்தது. தப்பை மேஜையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துத் தட்டினார். கண்ணாடிக்கு வெளியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தை பொம்மையின் மூக்கை ஆராய்ந்துகொண்டிருந்தது.

முன்னால் அது திரும்பியது மேஜையின் அதிர்வுக்கு. கேட்காத குழந்தை மந்தமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அது கண்ணாலும் தோலாலும் நாலு பேர் வேலை பார்க்கிறது.

அம்மா முன்னால் ஜூனியரை அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் வெளியே போனதும் சொன்னார்: ‘கேட்கிற குழந்தையைச் சந்தேகம்னு எழுதினா, இன்னொரு தடவை வருவாங்க, ஒரு நாள் கூலி போகும். கேட்காத குழந்தையைக் கேட்குதுன்னு எழுதினா, அவங்க திரும்பி வரவே மாட்டாங்க. நாலு வயசுல பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்பதான் தெரியும். எந்தத் தப்பு பண்ணலாம்னு நீயே முடிவு பண்ணு.’

வாராக் கடனை நல்ல கடன் என்று கணக்கில் காட்டினால் பேலன்ஸ் ஷீட் அழகாக இருக்கும். ஒருநாள் பேங்கே முழுகும். பி.காமில் படித்தது அன்றுதான் புரிந்தது.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். பிறந்த முதல் வருஷங்களில்தான் மூளை பேச்சைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் உலகமெங்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாசத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாசத்துக்குள் உறுதி, ஆறு மாசத்துக்குள் சிகிச்சை. முதல் பரிசோதனை ரொம்பச் சுலபம். காதுக்குள் சின்ன ஒலி அனுப்பினால், ஆரோக்கியமான காது பதிலுக்கு ஒரு மெல்லிய எதிரொலி தருகிறது. அதை மிஷின் பிடித்துவிடும். பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயது வரை பரிசோதிக்க 2013-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாவட்டந்தோறும் அமைய வேண்டிய ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் ஆடியாலஜிஸ்ட் பதவிக்கும் அதில் இடம் உண்டு. சொந்தத்தில் கல்யாணம் சகஜமான நம் ஊரில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், நமக்கு இது கட்டாயம் வேண்டியதுதான்.

குழந்தைக்கு அடுத்தது ‘பெரா’ டெஸ்ட். தலையில் சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, ஒலிக்கு மூளை நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. இதற்குக் குழந்தை தூங்க வேண்டும். அரசாங்க அலுவலகத்தில் தூங்கினால் வேலை நடக்கிற ஒரே அறை அதுதான்.

பெரா கைவிட்டால் முதலில் இரண்டு காதுக்கும் கருவி. அதில் பலன் இல்லையென்றால் காக்ளியர் இம்ப்ளான்ட். தனியாரில் பல லட்சம் ஆகும் அந்த ஆபரேஷன், நம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள சின்னக் குழந்தைகளுக்குச் செலவில்லாமல் நடக்கிறது. வயது ஏறினால் தகுதியும் போகும், பலனும் குறையும்.

‘ஆபரேஷன் பண்ணிட்டா பேசிடுமா மேடம்?’ என்று அந்த அம்மா கேட்டார்.

‘ஆபரேஷன் கல்யாணம் மாதிரிம்மா, ஒரு நாள்ல முடிஞ்சிடும். அதுக்கப்புறம் வருஷக்கணக்குல பேச்சுப் பயிற்சி இருக்கே, அதுதான் குடித்தனம். நீ கூட இருக்கணும்.’

பாட்டி முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, ‘எந்தக் கிழமை வரணும்?’ என்றார்.

அப்பாவை நான் கூப்பிடவே இல்லை. தானே எழுந்து போய்க் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்.

ஆடியோகிராமைப் பார்த்தேன். கோடு இடதுபக்கம் நன்றாகக் கிளம்பி, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் மலைக்கோட்டைப் படி மாதிரி இறங்கியது. தொழிற்சாலைச் சத்தத்தின் கையெழுத்து அது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் நம் தொழிற்சாலை விதிகளில் வரம்பு. உள்காதில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. போனால் முளைக்காது. தலைமுடிக்காவது விளம்பரத்தில் நம்பிக்கை உண்டு.

‘ஆம்பளைக் குரல் கேட்கும், சின்னப் பிள்ளைங்க குரல்தான் தப்பும்’ என்றார் அக்கா. ‘ச, த, ப எல்லாம் குழம்பும். சத்தம் கேட்கும், சங்கதி புரியாது. அதனால ‘ம்’, ‘ம்’னு தலையாட்டிச் சமாளிப்பாங்க.’

என் மகளுக்கு ஆறு வயது. தினமும் ஸ்கூல் கதையெல்லாம் தாத்தாவிடம்தான் சொல்லுவாள். அவரும் ‘ம்’, ‘ம்’ என்று கேட்பார். இத்தனை நாளாக அவர் ஒரு கதையும் கேட்டிருக்கவில்லை.

உலகத்தில் 43 கோடிப் பேருக்கு மேல் கேட்கும் திறனுக்கான உதவி தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. அவர்களில் எத்தனை பேர் எந்தெந்த வீட்டில் ‘ம்’ போட்டுக்கொண்டிருக்கிறார்களோ!

இப்போது அப்பா காதில் கருவி. டி.வி. வால்யூம் பதினாறு. முதல் நாள் சாயங்காலம் என் மகள் வழக்கம்போலக் கதையை ஆரம்பித்தாள். பாதியில் அப்பா நிறுத்தினார். ‘இரு, இரு. அந்தப் பையன் ஏன் உன் டிபனைத் தின்னான்?’

அவள் திகைத்துப்போய் என்னிடம் ஓடி வந்தாள். ‘அப்பா! தாத்தா குறுக்குக் கேள்வி கேக்கறாரு!’

ரெண்டு வாரம் கழித்து அக்கா படியேறும்போது அப்பா வாசலிலேயே மறித்தார். ‘ஏம்மா, அந்தப் பாப்பா தூங்குச்சா?’

‘தூங்குச்சுப்பா. நீங்க நினைச்சதுதான். ரெண்டு காதுமே. கருவி மாட்டியாச்சு. வாரம் ரெண்டு நாள் பாட்டியே தூக்கிட்டு வர்றாங்க.’

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘அங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம்மா?’ என்றார்.