தஞ்சாவூருக்கு விமானம் வந்தால் மீன் அன்றே தில்லி சேருமா?

பயணிகள் விமானம் வந்துவிட்டால் பூம்புகார் வஞ்சிரமும் இறாலும் பிடித்த அன்றே தில்லி ஓட்டல்களுக்குப் போய்விடும் என்ற பேச்சு டெல்டாவில் அடிபடுகிறது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் விட வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்க்கிறார்கள். கோரிக்கை நியாயம். காரணம் தவறு. அதை நம்பி மீனவர்களைக் காத்திருக்கச் சொல்வது பெருந்தவறு.

இப்போதே விமானம் உள்ள சென்னையிலிருந்து தில்லிக்கு மூன்று மணி நேரம் போதும், உண்மை. ஆனால் பெட்டி கிளம்புவது கடற்கரையிலிருந்து. ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு, தெர்மாகோல் பெட்டி கட்டி வண்டி புறப்படக் காலை ஒன்பது, பத்து ஆகும். சென்னை சுமார் 250 கிலோமீட்டர். போய்ச் சேரப் பிற்பகல். அங்கே எக்ஸ்ரே சோதனை உண்டு. விமானம் கிளம்பப் பல மணி நேரம் முன்பே சரக்கை ஒப்படைத்தாக வேண்டும். உப்புநீர் கசிந்தால் விமானத்தின் உலோகம் அரிக்கும் என்பதால் ஒழுகும் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். எல்லாம் சரியாக நடந்து இரவு விமானத்தில் ஏறினாலும் தில்லியில் இறங்க நள்ளிரவு. ஓட்டல் அதை வாங்குவது மறுநாள்தான்.

தஞ்சாவூரிலேயே ஏற்றினால்? சிறு ஊர்களுக்குப் பெரும்பாலும் வருவது எழுபது பேர் போகும் ஏடிஆர் விமானம். அதில் முதலிடம் பயணிகளின் பைகளுக்கு. எடை மிஞ்சினால் இறக்கப்படுவது சரக்கு. பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ வேறு விமானத்துக்கு மாற்ற வேண்டும். பூம்புகாரிலிருந்து நேரே சென்னைக்கு வண்டி ஓட்டுபவர் இதைவிடப் பிந்த மாட்டார்.

திருச்சியிலிருந்து காய்கறியும் பூவும் பயணிகள் விமானத்தில்தானே சிங்கப்பூர் போகின்றன என்று கேட்பார்கள். வாங்குபவர் இருக்கும் ஊருக்கே தினமும் நேர் விமானம் இருப்பதால் போகின்றன. ஓடுதளம் பக்கத்தில் இருப்பதைவிட, போக வேண்டிய ஊருக்கு அடிக்கடி விமானம் இருப்பதே சரக்குக்கு முக்கியம். தில்லிக்கு அந்த வசதி சென்னையில் இருக்கிறது.

தானமாகக் கிடைத்த இதயம் அன்றே ஊர்விட்டு ஊர் போகிறதே என்பது இன்னொரு வாதம். அதை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். அதனால் காவல்துறை சாலையையே ஒதுக்கித் தருகிறது. மீன் பெட்டிக்கு அப்படித் தர முடியாது, தரவும் கூடாது.

பூம்புகாருக்கு அவசரமாக வேண்டியவை துறைமுகத்திலேயே போதுமான குளிர்பதனக் கிடங்கு, கட்டுப்படியாகும் விலையில் ஐஸ், மாலையில் கிளம்பும் குளிர்சாதன வண்டி. அப்படிப் பக்குவமாகக் கட்டிய பெட்டி சென்னையில் அதிகாலை விமானத்தைப் பிடித்தால் மதியச் சமையலுக்குள் தில்லி சேரும். விமானம் கேட்டு மனு எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் அதே மனுவில், விமானத்துக்கு முன்னால் எழுத வேண்டும்.