பதில் வராமல் ரயில் போகலாமா?

மண்டபம் ரயில் நிலையம். ராமேசுவரம் போகும் வண்டி வந்து நிற்கிறது. டிரைவர் தயார். பயணிகளும் தயார். ஆனாலும் வண்டி நகராது!

ஏன்? அக்கரையில் இருக்கும் பாம்பன் நிலையம் சம்மதம் தர வேண்டும். "பாதை காலியா?" என்று மண்டபம் கேட்க வேண்டும். "காலி, அனுப்பலாம்" என்று பாம்பன் பதில் சொல்ல வேண்டும். ரயில்வேக்காரர்கள் இதை "லைன் கிளியர்" என்பார்கள். நடுவே 2 கிலோமீட்டருக்கு மேல் கடல். பாதையோ ஒற்றைப் பாதை.

பதில் வந்தாலும் போதாது. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். காற்றை அளக்கும் கருவி எந்த அதிகாரியின் உத்தரவுக்கும் காத்திராது. 1914ல் திறந்த பழைய பாலத்திலும் இந்த ஏற்பாடு இருந்தது. 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவை இந்தக் கரையோரம் மறக்கவில்லை. தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் வண்டிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. காத்திருந்து பார்த்த டிரைவர், விசில் ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். புயல் வண்டியையே விழுங்கியது. நூறு பேருக்கு மேல் மாண்டனர்.

கம்ப்யூட்டரிலும் பாலம்!

இப்போது கம்ப்யூட்டர் உலகத்திலும் பாலங்கள் கட்டுகிறார்கள். அங்கே இந்த "லைன் கிளியர்" ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"பிளாக்செயின்" என்பது ஒரே கணக்குப் புத்தகத்தைப் பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதி வைக்கும் ஏற்பாடு. ஒருவர் திருட்டுத்தனமாகத் திருத்தினால் மற்றவர்களிடம் உள்ள நகல் காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் புத்தகத்துக்குள் "ஸ்மார்ட் கான்ட்ராக்ட்" என்ற சிறு புரோகிராம்கள் குடியிருக்கின்றன. "இன்னது நடந்தால் இவ்வளவு பணம் கொடு" என்று எழுதி வைத்தால் அப்படியே கொடுக்கும். குமாஸ்தா இல்லை, கையெழுத்து இல்லை. ஒரு புரோகிராம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும். அது மூன்றாவதற்கு அனுப்பும். செய்தி போகும் வேகத்தில் பணமும் கைமாறிவிடும்!

ஒரு பிளாக்செயினிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போக நடுவில் தனி ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெயரே "பாலம்"தான்.

2022 ஆகஸ்டில் "நோமாட்" என்ற பாலம் கொள்ளை போனது. நடந்தது என்ன? புரோகிராமைப் புதுப்பித்தபோது ஒரு பிழை நேர்ந்தது. "இந்தச் செய்தி உண்மையானதா?" என்று சோதிக்கும் இடத்தில், சோதிக்கப்படாத செய்தியும் உண்மையென்று ஏற்கப்பட்டது. ஒருவர் பணம் எடுத்தார். அவர் அனுப்பிய செய்தியை நகலெடுத்து, தங்கள் முகவரியை மட்டும் மாற்றி, நூற்றுக்கணக்கானவர்கள் அள்ளினார்கள். போனது சுமார் 19 கோடி டாலர்! பூட்டை உடைக்கவில்லை, சுரங்கம் வெட்டவில்லை. வாயிற்காவலன் எல்லோருக்கும் தலையாட்டினான், அவ்வளவுதான்.

2016 ஜூனில் "தி டாவோ" என்ற பொது நிதிக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. அந்தப் புரோகிராம் முதலில் பணத்தைக் கொடுக்கும். பிறகுதான் கணக்கில் கழிக்கும். பணம் வாங்கிய புரோகிராம், கழிப்பதற்குள் மறுபடியும் கேட்டது. மறுபடியும் கொடுத்தது. இப்படியே சுமார் 36 லட்சம் "ஈதர்" நாணயங்கள் போயின. கணக்கை எழுதிவிட்டுத்தான் காசை நீட்ட வேண்டும் என்பது மளிகைக் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். படித்த மேதாவிகளுக்குத் தெரியவில்லை!

நமக்கென்ன?

"எங்கோ யாரோ பறிகொடுத்தார்கள், நமக்கென்ன?" என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசாங்கம் 2020லேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டிருக்கிறது. "நம்பிக்கை இணையம்" என்ற பெயரில் ஓர் அமைப்பும் உருவாகியிருக்கிறது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. சான்றிதழைப் பத்திரமாக வைப்பதோடு நின்றால் கவலை குறைவு. பணம் கொடுக்கும் வேலையும் இத்தகைய புரோகிராம்களிடம் போனால் என்ன ஆகும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். பட்டியல் வைத்திருக்கும் புரோகிராம், பணம் வைத்திருக்கும் புரோகிராமுக்குச் செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முகவரியில் ஏதோ கோளாறு; செய்தி திரும்பி வருகிறது. "டான்" என்ற பிளாக்செயினில், திரும்பி வந்த செய்தியை என்ன செய்வது என்று புரோகிராம் எழுதுகிறவர்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுத மறந்தால், கணக்கில் "கொடுத்தாயிற்று" என்றே நிற்கும். மீனவர் கையில் ஒரு காசும் இராது!

பதில் வந்த பிறகுதான் "கொடுத்தாயிற்று" என்று எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் தானே சிவப்பு விளக்குப் போடும் ஏற்பாடும் வேண்டும். விளக்கை மறுபடியும் பச்சையாக்குவது யார் என்பதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். இதனால் வேகம் குறையும் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். குறையட்டுமே! பழைய பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது என்று ராமேசுவரம் போனவர் யாரும் கோபித்துக் கொண்டதில்லை.

திரும்பி வரும் செய்தியை எடுத்துப் பார்க்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். அவர் சென்னையில் உட்கார்ந்திருந்தால் பயனில்லை. வலையைக் காயப்போட்டுவிட்டு நடந்து போய்க் கேட்கிற தூரத்தில், மண்டபத்திலேயே இருக்க வேண்டும்.